அரை மணி முந்திய தோட்டம்

ஒக்டோபர் 7, திங்கள்

காலையிலேயே ஆரம்பம். கஹவத்தைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக் கம்பியூட்டர் மறுபடியும் லொகின் ஆகவில்லை. 'பாஸ்வேர்ட் பிழை' என்கிறது. பிழையே இல்லை, வைத்தவள் நான். மூன்று தரம் மாற்றிப் போட்டேன். நான்காவது தரம் என்னையே வெளியில் வைத்துப் பூட்டிவிட்டது. மாவனல்லையில் உட்கார்ந்துகொண்டு எங்கேயோ இருக்கும் பெட்டியோடு மல்லுக்கட்டுவதற்குத்தானா உம்மா என்னைப் படிக்கவைத்தா?

கடைசியில் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் பாலசுப்பிரமணியம் அண்ணனுக்குக் கோல் எடுத்தேன். அங்கே போனுக்குச் சிக்னல் கிடைப்பது கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும். கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஆபீசுக்கு ஓடுவார், பார்ப்பார், பதிலைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்குத் திரும்பி ஓடி வருவார்.

"கம்பியூட்டர்ல என்ன வருஷம் காட்டுது அண்ணன்?"

ஐந்து நிமிஷம் கழித்து மூச்சு வாங்க: "ரெண்டாயிரத்து ஒம்பதுங்க மிஸ்."

விளங்கிவிட்டது. உள்ளே இருக்கும் பட்டன் பட்டரி செத்துப்போயிருக்கிறது. கரண்ட் போய் வந்தால் பெட்டிக்கு வருஷமே மறந்துவிடும். நேரம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பிசகினால் கொழும்பு சேர்வர் உள்ளே விடாது. அதை நேரே சொல்லாமல் பாஸ்வேர்டின் மேல் பழி போடும், கள்ளன். தானாக நேரம் எடுக்கும் சுவிட்சை ஓஃப் பண்ணி, கையால் வருஷம், திகதி, மணி வைக்கும் விதத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். "புது பட்டரி வந்தாலும் ஒவ்வொரு நாளும் காலைல ஒருக்கா பாத்து, மணிய சரியா வைங்க அண்ணன், மறந்துடாதீங்க" என்றேன். "எல்லாம் எழுதிக்கிட்டேங்க மிஸ்" என்றார். நல்ல மனுஷன். இனித் தலையிடி இல்லை.

ஒக்டோபர் 8, செவ்வாய்

பட்டரியை உறையில் போட்டு இரத்தினபுரி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தேன். அங்கிருந்து கஹவத்தை பஸ்ஸுக்கு மாற்றிவிடுவார். அண்ணன் பஸார் ஹோல்ட்டில் வந்து எடுத்துக்கொள்வாராம்.

ஒக்டோபர் 10, வியாழன்

பட்டரி போட்டாயிற்று, வருஷம் நிற்கிறது. ஆனால் காலை ஐந்தரைக்கு மறுபடியும் வெளியே! இனி என்ன கேடு?

ஒக்டோபர் 11, வெள்ளி

இன்றும் ஐந்தரை. சரியாக ஐந்தரை. வாயில் நல்லா வருகிறது.

ஒக்டோபர் 14, திங்கள்

ஷிராஸ் நானா கொழும்பிலிருந்து ஏசினார். கம்பனி அவருடையது, வயதிலும் அண்ணன், ஏசலாம். "என்ன ஹிமாயா, ஒவ்வொரு நாளும் காலைல ரெண்டு மணித்தியாலம் டேட்டா இல்ல. மழ வந்து எல்லாரையும் கொண்டுபோன பிறகா லொகின் ஆகப்போகுது?"

அவர் சொல்வதில் பிழையில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அந்தக் கம்பியூட்டரோடு பொருத்தியிருப்பது, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் கீழ் லயத்துக்கு மேலே மலையில் நட்ட மழைமானி. போன வருஷம் அந்தச் சரிவில் வெடிப்பு விழுந்தது. கீழே பதின்மூன்று வீடு. வேறு இடம் தருகிறோம், தருகிறோம் என்று ஒரு வருஷம் போய்விட்டது. ஒரு நாள் மழை நூற்றைம்பது மில்லிமீற்றரைத் தாண்டினால் கொழும்பிலிருந்து 'வெளியேறுங்கள்' என்று செய்தி போகும். லொகின் இல்லாவிட்டால் மலையில் எவ்வளவு கொட்டினாலும் கொழும்பில் பூச்சியம்.

மாதம் முடிவதற்குள் சரிவராவிட்டால் மழைமானியைக் கழற்றி வேறு தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவாராம். அப்போது அந்தப் பதின்மூன்று வீட்டுக்கு யார் சொல்வது?

அண்ணனைக் கேட்டேன்: "மணி சரியா ஈக்கா?"

ஓடிப்போய்ப் பார்த்து வந்து, "கரெக்டா இருக்குங்க மிஸ். ஒரு நிமிஷம் கூட வித்தியாசமில்ல."

நேரம் சரி, பாஸ்வேர்ட் சரி. அப்படியென்றால் பிழை யார்? நான்தானா?

ஒக்டோபர் 16, புதன்

சேர்வரின் பதிவுகளைத் தோண்டினேன். நேரம் சரியே இல்லை! காலை ஐந்தரைக்குப் பெட்டி திடீரென்று அரை மணி முன்னால் பாய்கிறது. நான் அண்ணனைப் பிடித்துத் தானாக நேரம் எடுக்கும் சுவிட்சை ஓன் பண்ணவைத்தால் சரியாகிறது, அடுத்த நாள் காலை மறுபடியும் பாய்கிறது. செத்த பட்டரி பின்னால்தானே போகும்? இது முன்னால் போகிறது, அதுவும் கணக்காக முப்பது நிமிஷம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாட்டு நேரத்தையே அரை மணி கூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பழைய நேரம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? பகல் முழுக்க அதைத் தேடித் துடைத்தேன். சோறு ஆறிவிட்டது என்று உம்மா ஏசினா. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

ஒக்டோபர் 17, வியாழன் — போயா

இன்று லொகின் விழவில்லை.

நான் துடைத்ததால் என்று துள்ளினேன். பிறகு யோசித்தேன் — இன்று போயா, பௌர்ணமி லீவு. ஆபீஸ் பூட்டு. போன ஞாயிறும் இப்படித்தான் விழவில்லை. ஆபீஸ் பூட்டினால் விழாது, திறந்தால் விழும்... இது மெஷின் செய்கிற வேலை இல்லை. மனுஷன்!

நாளைக்குப் போகிறேன். போனில் இதற்குமேல் ஏலாது.

ஒக்டோபர் 18, வெள்ளி

யா அல்லாஹ். எங்கிருந்து எழுதுவது?

கேகாலை, ருவான்வெல்லை, அவிசாவளை, இரத்தினபுரி, கஹவத்தை. இடுப்பு கழன்றுவிட்டது. கஹவத்தையிலிருந்து திரீவீல் பிடித்துத் தோட்டத்து ஆபீசுக்குள் காலை வைக்கும்போது என் போனில் பதினொன்று ஐந்து. சுவரில் பெரிய மணிக்கூடு. பதினொன்று முப்பத்தைந்து.

"அண்ணன், உங்கட மணிக்கூடு பிழை."

"இல்லங்களே மிஸ். அது தோட்டத்து டைம்."

தோட்டத்து டைம்! வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஆபீஸ் மணிக்கூடு அரை மணி முந்தித்தான் ஓடுமாம். அப்போதுதான் ஆட்கள் விடியும்போதே பெரட்டுக்கு வந்து, பெயர் கொடுத்து, மலைக்கு ஏறுவார்களாம். சங்கு ஊதுவதும் அதைப் பார்த்துத்தான். தோட்டத்தில் நண்டுசிண்டுக்கெல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

"அப்ப கம்பியூட்டர்?"

"நீங்கதானே மிஸ் தெனமும் காலைல பாத்து சரியா வைக்கச் சொன்னீங்க. பெரட்டுக்கு முன்னால அதுதான் மொத வேலை." கொப்பியைத் திறந்து காட்டினார். நான் சொன்னதெல்லாம் வரிவரியாக, எண் போட்டு, அழகான கையெழுத்தில்.

கத்திவிட்டேன். "கேட்டேனே அண்ணன், மணி சரியா சரியா என்று நூறு தரம் கேட்டேனே!"

"சரியாத்தானே மிஸ் இருந்திச்சு" என்றார், முகம் சுருங்கி. சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் ஒரு தரமாவது எந்த மணிக்கூட்டை வைத்துச் சரி என்று கேட்டேனா? சொல்லிக்கொடுத்தவள் நானேதான். வெட்கமாகப் போய்விட்டது.

இனித் தொடவேண்டாம் என்றேன். உடனே ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒரு குரல்: "தொடாம விட்டா எங்களுக்கு நல்லதுதான்!" கொழுந்துக் கூடையோடு ஒரு பொம்பளை. பாலசுப்பிரமணியம் அண்ணனின் அக்கா இராஜம். கீழ் லயத்தில் நாலாவது வீடு. கம்பியூட்டர் வந்த புதிதில் பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்கள் எல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பொட்டி இன்னும் நேரமிருக்குன்னுதானே சொல்லுது, ஏன் எங்கள திருப்பி அனுப்புறீங்க?" என்று சண்டையாம். இந்த அக்காதான் முன்னணி. ஒரே ஆபீசுக்குள் இரண்டு நேரம் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் என்ன செய்வார்?

தோட்டத்து மெனேஜர் துரையிடம் போய்ச் சுவர் மணிக்கூட்டைத் திருத்தச் சொன்னேன். "ஹரி ஹரி, பலமு" என்றார் சிங்களத்தில். சரி சரி, பார்க்கலாமாம். பார்க்கமாட்டார், அது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ஒரு புத்தி வந்தது. பங்களாதேஷ் நேரம் நம்மைவிடச் சரியாக அரை மணி முந்தியது. கம்பியூட்டரிடம் 'நீ இருப்பது டாக்காவில்' என்று சொல்லிவிட்டேன். உள்ளுக்குள் உண்மையான நேரம் ஓடும், திரையில் தோட்டத்து டைம் தெரியும். சேர்வரும் சண்டை பிடிக்காது, இராஜம் அக்காவும் பிடிக்க ஏலாது. கையால் மாற்றும் வழியையும் பூட்டினேன்.

"இனிமே நான் ஒண்ணும் வைக்க வேணாமா மிஸ்?" என்று கேட்டார் அண்ணன், கொப்பியைப் பிடித்துக்கொண்டு. பாவமாக இருந்தது.

ஒக்டோபர் 21, திங்கள்

ஐந்தரைக்கு எழுந்து பார்த்தேன். விழவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஒக்டோபர் 23, புதன்

ஷிராஸ் நானா சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "டாக்காவா? இது என்ன கோமாளித்தனம்? தோட்டத்து மணிக்கூட்ட திருத்தச் செல்லி துரைக்கு எழுத்தில கொடுங்க" என்கிறார். அவருடைய பக்கம்தான் நியாயம். அரை மணி பொய் சொல்லும் மணிக்கூட்டை எச்சரிக்கைக் கருவிக்குப் பக்கத்தில் வைக்கலாமா? கடிதம் எழுதத் தொடங்கினேன். கடுமையாகவே எழுதுகிறேன்.

ஒக்டோபர் 26, சனி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் தொடங்கிய மழை விடவே இல்லை. இன்று பிற்பகல் இரண்டரைக்கு நூற்றைம்பதைத் தாண்டியது. லொகின் விழாமல் நின்றது, ஒவ்வொரு அளவும் கொழும்புக்குப் போனது. கொழும்பிலிருந்து செய்தி: 'கீழ் லயத்தில் உள்ள அனைவரும் மாலை 4.00 மணிக்கு முன் வெளியேறவும்.' அண்ணன் அதைப் பார்த்துவிட்டார் என்பதும் திரையில் தெரிந்தது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மழைமானி நின்றது. கம்பியூட்டர் உயிரோடு, மானி மட்டும் இல்லை. வயர் கழன்றிருக்குமா? கம்பம் சாய்ந்திருக்குமா? என் கண் கடிகாரத்திலேயே நின்றது. நாலு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம். சாமான் கட்டுகிறவர்கள் கடைசி நிமிஷம் வரைக்கும் கட்டுவார்கள். பிள்ளைகள், கோழி, தீபாவளிக்கு எடுத்த துணி...

அண்ணனுக்குக் கோல், கோல், கோல். ஆளில்லை. உம்மா தொழுகிற முஸல்லாவை விரித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றா.

ஐந்து பத்துக்கு எடுத்தார். "மலை வந்துருச்சுங்க மிஸ். லயமே இல்ல."

"ஆட்கள் அண்ணன், ஆட்கள்?" என்று கத்தினேன்.

"ஆளுங்க எல்லாம் ஸ்கூல்ல மிஸ். எல்லாரும். நான் பேர் வாசிச்சுப் பாத்துட்டேன். அக்காதான் கடைசி, வரமாட்டேன்னு ஒரே அடம், இழுத்துக்கிட்டு வந்தேன். நாலு மணிக்குச் சங்கு ஊதி, தொரை நின்னு பாத்து, ஒருத்தர் மிச்சமில்ல. அதுக்கப்புறம் இருவது நிமிஷம் கழிச்சுத்தான்..."

நாலு மணிக்கா? நாலு மணிக்குச் சங்கா?

போனை வைத்த பிறகுதான் விளங்கியது. கொழும்பு எழுதியது நம்முடைய நாலு மணி. அவர்கள் கேட்டது அவர்களுடைய நாலு மணி. சங்கு ஊதும்போது என் கடிகாரத்தில் மூன்றரை. மானி நின்ற அந்த மூன்று ஐம்பத்திரண்டுக்கு மலை வந்துவிட்டது.

குசினியில் போய் உட்கார்ந்து அழுதேன். உம்மா அடுப்பில் தேத்தண்ணி வைத்தா.

ஒக்டோபர் 31, வியாழன் — தீபாவளி

இராஜம் அக்கா ஸ்கூலிலிருந்து பேசினா. அடுப்பு மூட்டவே முடியாத ஈரமாம், டீச்சர்மார் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்களாம். வீட்டைப் பற்றிக் கேட்டேன். "அதப் பத்திப் பேசாதீங்க மிஸ்" என்றா.

ஷிராஸ் நானா மெயில் போட்டிருக்கிறார். மழைமானிக்குப் புதுக் கம்பம் அடுத்த கிழமை போகிறதாம். துரைக்கு எழுதச் சொன்ன கடிதம் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அழித்துவிட்டேன். 'மணிக்கூட்டை யாரும் தொடவேண்டாம், நானா' என்று மட்டும் பதில் போட்டேன்.