அப்பா கழற்றிய மீட்டர்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும், எனக்கு வேறென்ன வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால்தான் கடிதம். வாசலில் கார் சார்ஜ் செய்யும் பெட்டி வைத்தோமே, அதனால் வந்த வம்பைக் கேள். சார்ஜ் ஏறும் வரை யாராவது உட்கார்ந்திருப்பார்கள், நாலு வார்த்தை பேசலாம் என்றுதான் நான் அதற்குச் சம்மதித்தேன், நீ போன பிறகு வீடு அப்படி வெறிச்சென்று கிடக்கிறது. உன் வயதுப் பெண் யாராவது வந்தால் அவள் கார் கிளம்பும் வரை உள்ளே போக மாட்டேன், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி. முப்பது வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்த மனிதர் சும்மா இருப்பாரா? நேரத்துக்குக் காசு வாங்குவது அநியாயம், ஏறிய மின்சாரத்துக்கு மட்டும்தான் வாங்க வேண்டும் என்று தனியாக ஒரு மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று பலகையும் வைத்தார். அந்த நேர்மைதான் மாட்டிவிட்டது. மின்சாரத்தை அளந்து ஊருக்கு விற்றால் நீங்களும் ஒரு மின்சாரக் கம்பெனிதான், உரிமம் எங்கே என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. வண்டி நிற்கும் நேரத்துக்கு வாங்கியிருந்தால் கேள்வியே இல்லையாம்.

அப்பாவுக்குப் பயம் வரவில்லையடி, பெருமை வந்துவிட்டது. காலமெல்லாம் கம்பெனிக்கு ஓடினேன், இப்ப நானே கம்பெனி என்று உரிமத்துக்கு மனு எழுத உட்கார்ந்துவிட்டார். சின்னு பிரசவத்துக்கு நீ மட்டும் போய்ட்டு வா, நான் இதப் பாத்துக்கறேன் என்று என்னிடம் சொன்னார். அவரை இங்கே தனியாக விட்டுவிட்டு நான் எப்படி வருவேன், வராமல்தான் எப்படி இருப்பேன்? செவ்வாய்க்கிழமை விசாரணை. விசாரித்த அதிகாரி ஒரு அம்மாள், பொறுமையாக விளக்கினார். உரிமம் வாங்கினால் வருகிற யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, எல்லோருக்கும் ஒரே விலை என்றார், அப்பா தலையாட்டினார். அனுமதியில்லாமல் ஒரு நாள்கூட மூடக் கூடாது, ஊருக்குப் போனாலும் இங்கே ஆள் இருக்க வேண்டும் என்றார். அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். வேண்டாம் மேடம், எங்க பொண்ணு தூரத்துல இருக்கா, அவளப் பாத்து மூணு வருஷமாச்சு, என்னால முடியல என்றார். உன் பேச்சை எடுத்தாலே செடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுகிற மனிதர், சின்னு. நாலு பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மீட்டரைத் தானே கழற்றினார். இனி நேரக் கணக்குதான், வேண்டும்போது பூட்டிக்கொள்ளலாம். நீ மாடிப்படியில் ஓடாதே, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் சிடுசிடுக்காதே. இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும். முக்கியமான விஷயம், விசாவுக்கு நீ அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு பேர் பெயரையும் போட்டு வேறொன்று அனுப்பு. அவர் இப்போதே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்.

உன்னைப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்கும்
அம்மா
(அப்பாவும்தான், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே)