இன்னொரு ஸ்பீக்கர்

அன்புத் தம்பிக்கு,

அப்பா போனபின் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோமே, அந்தப் பழைய ஸ்பீக்கர்களில் என்னுடையது இன்னும் நன்றாகவே பாடுகிறது.

புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயர் அதற்கு ஒத்துவருமா என்று கேட்கப் பம்மலில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிட்டிபாபுவிடம் போனேன். மீட்டர் வைத்து அதன் மின்தடையை அளந்தார்.

"எட்டு ஓம் ஸ்பீக்கர் இது, அக்கா. தாராளமா தாங்கும். ஜோடி எங்க கீது?"

"தம்பி வீட்ல இருக்கு."

"அதையும் எடுத்துனு வாங்க. ஜோடியா ஒத்துவருமான்னு ரெண்டையும் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

நீயாகக் கொண்டுவர மாட்டாய். அதனால் ஞாயிறு சர்ச் முடிந்ததும் நானே அனகாபுத்தூருக்கு ஆட்டோவில் வருகிறேன். அப்பா வீட்டுப் பங்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டேன்.

ஸ்பீக்கர் நல்ல கனம். வழியெல்லாம் குலுங்காமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். நீயும் ஏறிக்கொள்.

உன் அக்கா