அனைத்தையும் புதுப்பி

மே 6, செவ்வாய்

காலையிலேயே தலைவலி. கணினியில் மாமா வண்டி ஓட்டுகிற விளையாட்டு திறக்க மாட்டேன் என்கிறது. நேற்று புதுப் பதிப்பு விட்டிருக்கிறார்கள். விளையாட்டின்மேல் நான் போட்டு வைத்திருந்த மோட் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன. மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி ஸ்டார்ட் ஆகலையாம்மா?"

என் கணவரின் அப்பா; பள்ளி வேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடக்கை தளர்ந்தபின் அவர் ஓட்டுகிற ஒரே வண்டி இது. கூடத்து மேசையில் ஸ்டீயரிங்கைத் திருகி மாட்டியதும், ஒரு கையால் ஓட்ட வசதியாக மோட் தேடிப் போட்டதும் நான்தான்.

"மோட்னா என்னடி?" என்றார் அத்தை.

"கடையில வாங்கின சட்டையை நம்ம உடம்புக்குப் பிரிச்சுத் தைக்கிறோம்ல, அது மாதிரி. அதுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு பொத்தானும் ஒரு பிளகின்."

"அப்போ சீக்கிரம் தையி. இவரு முகத்தைப் பாக்க முடியல."

அச்சகத்துக்கு நேரமாகிவிட்டது. எந்தப் பிளகினில் என்ன மாறியது என்று உட்கார்ந்து படிக்கவில்லை. பழைய கோப்புகளை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, 'அனைத்தையும் புதுப்பி' என்பதை அமுக்கிவிட்டு ஓடினேன். மாலை வந்தபோது மாமா ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பாடா.

மே 9, வெள்ளி

நம்பவே முடியவில்லை! போன வாரம்வரை இடப்பக்கச் சுவர், கம்பம், நிறுத்தம் என்று உரசாமல் ஒரு தெருவைத் தாண்ட மாட்டார். இன்று திரையில் ஊரையே சுற்றி வந்தார், ஒரு கீறல் இல்லை. அத்தை கை தட்டினார். "அதை வீடியோ எடுத்து நம்ம பொறுப்பாளருக்கு அனுப்பும்மா" என்றார் மாமா. பள்ளியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்பவரைச் சொல்கிறார். அனுப்பினேன்.

மே 13, செவ்வாய்

பொறுப்பாளரே கூப்பிட்டார். "வீடியோ பாத்து அசந்துட்டோம். இருபத்தாறாம் தேதி வந்து சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, போதும், வேலையைத் திரும்பக் கொடுத்துடலாம்."

டாக்டரும் கையை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்தார், சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார், ஓட்டலாம் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாமா காக்கிச் சட்டையைத் தானே தேய்த்தார். ஒரு கையால்.

மே 17, சனி

நிலைக்கதவில் இடத்தோளை நங்கென்று இடித்துக்கொண்டார். "வாசல் இளைச்சுப்போச்சும்மா" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

மே 20, செவ்வாய்

சிரித்திருக்கக் கூடாது.

இன்று அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவ எடுத்தேன். வலது பாதி துடைத்து வைத்ததுபோல் காலி. இடது பாதியில் காய் அப்படியே, முட்டை அப்படியே. "முட்டை வேணாமா மாமா?" என்றேன். "நீ எங்க வச்சே?" என்றார். தட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். "அட!" என்று எடுத்துச் சாப்பிட்டார்.

அத்தை சொல்கிறார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இப்படித்தானாம். ருசி இல்லை போலிருக்கிறது என்று நினைத்தாராம்.

பாதித் தட்டு தெரியாதவருக்கு முழுத் தெரு எப்படித் தெரிகிறது? அதுவும் இந்த இரண்டு வாரமாக மட்டும்? நடுவில் மாறியது என்ன — அவரா, விளையாட்டா?

மே 21, புதன்

விடுப்பு போட்டேன். பழைய பிரதியையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற மாதிரியே வரி வரியாகப் பார்த்தேன். மரங்கள் — நிறம் மட்டும். வானிலை — ஒன்றுமில்லை. கண்ணாடிகள் — பெயர் மாற்றம். கடைசியில் ஒற்றைக்கைப் பிளகின். மாற்றக் குறிப்பில் அதை எழுதினவன் போட்டிருப்பது ஒரே வரி: 'சில சிறு திருத்தங்கள்.'

கோப்புக்குள்ளே: தடம் விலகாமல் காக்கும் உதவி. பழையதில் பூஜ்யம். புதியதில் ஒன்று.

அவ்வளவுதான். ஒரு பூஜ்யம் ஒன்றாகியிருக்கிறது. வண்டி இடது பக்கம் சாயும்போதெல்லாம் விளையாட்டே பிடித்து இழுத்து நேராக்கியிருக்கிறது. ஓட்டினது மாமா இல்லை.

எழுதினவனிடம் கேட்டேன். உடனே பதில்: 'நிறைய பேர் வண்டி பக்கவாட்டுல போகுதுன்னு சொன்னாங்க, அதான் ஆன் பண்ணி வச்சேன். இப்ப சூப்பரா இருக்குல்ல?'

சூப்பர். ரொம்ப சூப்பர். இந்த மெய்ப்புக்காரி கண்டவன் கல்யாணப் பத்திரிகையில ஒரு கமாவைக்கூட விடமாட்டா, சொந்த வீட்டுல படிக்காம அமுக்குவா. அந்த வீடியோவை வேற அனுப்பி வச்சிருக்கேன். வேன் நிறைய பிள்ளைங்க. கடவுளே.

மே 22, வியாழன்

என் கணவரிடம் சொன்னேன். "அப்பா இப்பத்தான் வாய்விட்டுச் சிரிக்கிறாரு. டெஸ்ட் முடியட்டுமே, அவங்களே கண்டுபிடிச்சு வேணாம்னு சொல்லட்டும்" என்றார்.

"கண்டுபிடிக்கலைன்னா?"

போய்ப் படுத்துவிட்டார். எனக்கும் தைரியமில்லை. பொறுப்பாளரின் எண்ணை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். மாமாவுக்குத் தெரியாமல் அவர் பிழைப்பில் கை வைப்பதா? முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும்.

மே 24, சனி

சொல்லிவிட்டேன்.

சுற்றி வளைக்காமல்தான் சொன்னேன். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொம்மையை வச்சு என்னை எடை போடுறியா? எத்தனை வருஷம் ஓட்டினவன் நான்! எடு அந்த உதவியை. எடுத்துட்டுப் பாரு."

எடுத்தேன். ஓட்டினார். முதல் திருப்பம்வரை நன்றாகத்தான் போனார். அப்புறம் மெல்ல, மிக மெல்ல, வண்டி இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஸ்டீயரிங் அசையவே இல்லை. வண்டி அவர்கள் நின்ற கூரைக்குள் புகுந்து நின்றது.

"ஏன் நின்னுடுச்சு?" என்றார்.

"இடிச்சுட்டீங்க மாமா."

"எங்க? அங்க ஒண்ணுமே இல்லையேம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டார்.

அவர் நாற்காலியை இடப்பக்கமாக நகர்த்திப் போட்டேன். திரை முழுதும் அவருக்கு வலப்புறம் வந்தது. ஓட்டியதைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். நிறுத்தம் வந்தது, ஆட்கள் வந்தார்கள். பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மே 25, ஞாயிறு

மாமா என்னோடு பேசவில்லை. அத்தையும் பேசவில்லை. காக்கிச் சட்டை கொடியில் தொங்குகிறது.

மே 26, திங்கள்

எழுந்து பார்த்தால் கொடியில் சட்டை இல்லை. மாமாவும் இல்லை. இவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் பொறுப்பாளருக்குப் போன் போட்டேன், அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன். "அவரை ஓட்ட விடாதீங்க சார்! அந்த வீடியோ தப்பு, தப்பு என்னுதுதான்—"

"இருங்கம்மா, இருங்க. வந்தாரு. வேனை ஒரு சுத்து சுத்தி வந்தாரு, ஏறி உக்காந்தாரு. சாவியைக் கொடுத்தேன், வாங்கல. சீட்டுல போட்டிருந்த அவரோட மெத்தையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டாரு. 'எனக்கு ஒரு பக்கம் தெரியல சார், வேற ஆளைப் பாருங்க'ன்னாரு. என்னம்மா ஆச்சு அவருக்கு?"

வாசலுக்கு ஓடினேன்.

மாமா இவரோடு திரும்பி வந்தார். அக்குளில் அந்தப் பழைய மெத்தை. என்னைத் தாண்டிப் போய், மேசைக்கு முன்னாலிருந்த நாற்காலியில் அதைப் போட்டார். அப்புறம் அதன்மேல் உட்கார்ந்தார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். அத்தை வந்து பக்கத்தில் நின்றார்.

ஜூன் 3, செவ்வாய்

வேறு டாக்டர். இடப்பக்கத்தைக் கவனிக்க மூளையைப் பழக்க வேண்டுமாம். நாளாகும், முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். மாமா கேட்டது ஒன்றுதான்: "அந்த உதவியைப் போடாம ஓட்டலாம்ல?" தாராளமாக ஓட்டலாமாம், மேசையில்.

ஜூன் 8, ஞாயிறு

மறுபடியும் புதுப்பிப்பு வந்திருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். "அமுக்கிடாத. பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பாரு. அவன் சின்னத் திருத்தம்னா பெருசா எதையோ பண்ணியிருக்கான்னு அர்த்தம்."

"பாத்துட்டுத்தான் மாமா."

"எனக்கும் வாசிச்சுக் காட்டு."

வாசித்தேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். கை கழுவ எழுந்தவர் என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்தார். தட்டின் விளிம்பைப் பிடித்து மெல்லத் திருப்பினார்.

"அட, முட்டை" என்றார்.