திருவிருந்து நாளில் ரஸ்னாவும் ரஸ்க்கும்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான எப்சிபா அக்காவுக்கு, உங்கள் ஓய்வுநாள் பாடசாலை மாணவி கெசியா, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு எழுதும் ஸ்தோத்திரம். பெங்களூரில் குளிர் அதிகமா? இங்கே வெயில்தான்.

நம் மடவார் வளாகம் சபைக்கு வரும் ஞாயிறு கடைசி ஆராதனையாக இருக்கலாம். நாற்பது பேராவது வராவிட்டால் இனி எல்லாரும் ராஜபாளையம் கோவிலுக்குத்தான் போகவேண்டும் என்று போதகர் ஐயா சொல்லிவிட்டார். போன வாரம் நாங்கள் பதினொரு பேர்.

காரணம் நான்தான் அக்கா. இடுப்பு முறிந்து படுத்திருக்கும் ஐயாதுரை தாத்தாவுக்காக, ஆராதனையைப் போனில் நேரலையாக விடலாம் என்று போன வருஷம் கெஞ்சினேன். அவர் பார்த்து அழுதார். பிறகு காய்ச்சல்காரர்கள் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்கு விருந்தாளி வந்தவர்கள். இப்போது எல்லாரும்.

ஆல்வின் மாமாவைக் கோவிலுக்குக் கூப்பிடப் போனேன். தோசை சாப்பிட்டுக்கொண்டே, "ஏட்டி, கர்த்தர் எங்கயும் இருக்காருல்ல, எங்க வீட்டு ஹால்ல மட்டும் இருக்க மாட்டாராக்கும்?" என்று கேட்டார். நோட்டில் வசனங்கள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்தத் தோசைக்கு முன்னால் நோட்டைத் திறக்க வெட்கமாக இருந்தது.

போன ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து. போதகர் ஐயா அப்பத்தைப் பிட்கும்போது மாமாவின் செய்தி போனில் வந்தது: 'திராட்சை ஜூஸ் இல்ல. ரஸ்னாவும் ரஸ்க்கும் இருக்கு. நாங்களே எடுத்துக்கிடலாமா?' அதன் கீழே ஒன்பது பேர் அவரவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதினார்கள். நான் சிரித்துவிட்டேன். போதகர் ஐயா போனை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பத்தைக் கையில் எடுத்தார். பிறகு எங்கள் பதினொரு பேருக்கும் கொடுத்தார். சீக்கிரமே முடிந்துவிட்டது.

அதனால் இந்த ஞாயிறு நான் நேரலைக்குப் போனை வைக்கப் போவதில்லை. தாத்தாவிடம் மட்டும் முன்கூட்டியே சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உண்மையிலேயே வரமுடியாதவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வருவார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நம்முடையது இல்லையென்றால் வேறு ஊர் ஆராதனையைப் போட்டுக்கொள்வார்கள், போனில் அதற்கா பஞ்சம் என்கிறார் அம்மா.

ஒவ்வொரு வாரமும் நேரலையின் கீழே பெங்களூரிலிருந்து உங்கள் 'ஆமென்'தான் முதலில் வரும். இனி வராது. உங்களைக் குறை சொல்லவில்லை அக்கா. ஆனால் அந்த ஊரில் ஏதாவது ஒரு கோவிலுக்குப் போய், யாராவது ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்குப் பாட்டு தெரியாவிட்டால் புத்தகத்தைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்திப் பிடியுங்கள். எனக்குச் செய்தீர்களே, அப்படி.

கர்த்தர் உங்களைத் தனியாக விடாதிருப்பாராக.

கெசியா