முப்பது புத்தகப் பொட்டலங்கள்

அக்கா,

உலகம் தோன்றிய நாளிலிருந்து, விளையாட்டுக் காட்டி எந்த இளைஞனையும் கோடை விடுமுறையில் புத்தகம் படிக்க வைக்க முடிந்ததில்லை. நேற்றும் இதைத்தான் சொன்னேன். "புத்தகத்தைப் பழுப்புத் தாள்ல பொட்டலம் கட்டி, மேல கதையைப் பத்தி மூணு வார்த்தை எழுதிக் குடுத்தா உன் நூலகத்துப் பசங்க மயங்கிடுவாங்களா? மளிகைக் கடையா வச்சிருக்கே?" என்று கேட்டதுதான் கொஞ்சம் அதிகம். "நீ ஒண்ணும் கிழிக்க வேணாம், போடா" என்று கதவைச் சாத்திக்கொண்டாய். பதினொரு புத்தகம் கட்டாமலே கிடந்தது.

இன்று நாலு மணிக்கு முப்பது பேர் வருகிறார்கள், நீ தனியாக நடத்தும் முதல் நிகழ்ச்சி என்பதெல்லாம் எனக்கும் தெரியும். காலையில் எழுந்து பதினொன்றையும் கட்டிவிட்டேன். ஓரங்கள் கோணலாக இருக்கும். கண்டுகொள்ளாதே.

ரொட்டியும் முட்டையும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடாமல் ஓடாதே. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.

பி.கு: 'கப்பல், பொய், தங்கை' என்று நீ எழுதியிருந்த பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். உன் உத்தி எவ்வளவு அபத்தம் என்று நிரூபிக்கத்தான். பதிலுக்கு என் அலமாரியிலிருந்து ஒரு துப்பறியும் நாவலைக் கட்டி, மேலே 'ரயில், பல், மாமியார்' என்று எழுதியிருக்கிறேன். ஆகமொத்தம் முப்பதுதான்.

இன்னொன்று: கப்பல் புத்தகம் என் பையில் இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அந்தத் தங்கை பொய் சொல்கிறாளா இல்லையா என்று பேருந்தில் போகும்போது தெரிந்துவிடும். அதற்குள் போன் பண்ணி நீ சொல்லித் தொலைக்காதே.