காலிதீனின் மோட்டார் சைக்கிள் தானாய் உறுமியது

கல்முனை

அன்பு மகன் முஸ்தாக் அறிய உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் வைத்தபடி நாங்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், கட்டார் வெயில் உன் உடம்பைத் தின்னாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கை ஏந்துகிறேன். முதலில் சந்தோசமானதைச் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை பஹ்மிதாவின் மகள் அம்ஹாவுக்கு ஓ.எல். பரீட்சையில் எல்லாப் பாடமும் ஏ, பள்ளிக்கூட மதிலில் அவள் பெயரும் படமும் தொங்குகிறது, மீன் வாங்கப் போகிற சாட்டில் நான் அந்தப் பக்கமாகவே போய்வருகிறேன். அவள் காக்கா, பஹ்மிதாவின் மூத்தவன் அஸ்கிக்குச் சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அக்கரைப்பற்றில் உன் சின்ன மகள் யாஸீன் சூறாவைப் பாடமாக ஓதினாள், உன் பெண்சாதி போனில் கேட்க வைத்தாள், ஒரு இடத்திலும் தடக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற சீனத்தும்மாவின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்று ஊர் சொல்வதைக் கேட்க உன் வாப்பா இல்லை.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை மகன். உன் மச்சான், பஹ்மிதாவின் புருசன் காலிதீன் கடலுக்குப் போய் இரண்டு வருசத்துக்கு மேலாகிவிட்டது, படகும் வரவில்லை, மையித்தும் கரை ஒதுங்கவில்லை. பள்ளிவாசல் ஹஸ்ரத்மார் கூடிப் பேசி அவர் இனித் திரும்பமாட்டார், மவுத்தென்று முடிவு சொல்லியும், பஹ்மிதா வெள்ளை உடுத்து நாலு மாதமும் பத்து நாளும் புருசனை இழந்தவளாக வீட்டோடு அடங்கி இத்தா இருக்க மாட்டேன் என்று நின்றாள். உயிரோடிருக்கிற மனிசனுக்கு ஆரும் இத்தா இருப்பாங்களா உம்மா என்று கேட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. அவருடைய பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் பின்வளவில் சீலை மூடிக் கிடந்தது. கல்லூரிக்குப் போக பஸ் சரிவராது என்று அஸ்கி அதை வெளியே எடுத்தான். உள்ளே கிடந்த பெற்றோல் காய்ந்து பிசினாகியிருந்ததாம், காபரேட்டரைக் கழற்றி, நுண்ணிய துளைகளை எல்லாம் ஊதிக் கழுவித் திரும்பப் பூட்டினான். உதைத்ததும் பற்றிக்கொண்டது. ஆனால் நிறுத்தி வைத்தால் ஒரு சீராக நிற்கவில்லை, மூச்சடங்குகிற மாதிரி இறங்கும், பிறகு ஒருவரும் தொடாமலே உறுமி ஏறும், திரும்ப இறங்கும், திரும்ப ஏறும்.

காலிதீன் வீட்டுக்கு வந்தால் இறங்கிக் கதவு தட்டமாட்டார், ஹோர்னும் அடிக்கமாட்டார், வாசல் கடப்படியில் நின்று அக்சிலேட்டரை இரண்டு தரம் முறுக்குவார், பஹ்மிதா ஓடிப்போய்த் திறப்பாள், உனக்குத் தெரியும்தானே. அன்றைக்கு அஸ்கி அதைக் கடப்படியில் ஓடவிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். மோட்டார் சைக்கிள் தன்பாட்டில் இரண்டு தரம் உறுமியது. குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு ஓடிப்போய்க் கடப்பை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஆளில்லாத சைக்கிள் அவள் முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றது. நானும் எழுந்து எட்டிப் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது. அன்றிலிருந்து அசர் தொழுகைக்குப் பிறகு அதை ஓடவிடச் சொல்லிப் பக்கத்தில் போய் இருப்பாள். அதுக்கு அவரத் தெரியும் உம்மா, நீங்க ஏசாதீங்க என்பாள். பக்கத்து வீட்டுக்காரி, இது ஜின்னுட வேல, தண்ணி ஓதித் தெளிங்க என்றாள். சாப்பாட்டு நேரம் அவருக்கென்று ஒரு கோப்பை கூடுதலாக வைத்தாள். நானும் அதை எடுக்கவில்லை, அம்ஹாவும் எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் அஸ்கி முழங்கால் கிழிந்து வந்தான். காரைதீவுச் சந்தியில் முன்னால் பஸ் நின்றிருக்கிறது, இவன் அக்சிலேட்டரை விட்டும் வேகம் இறங்கவில்லை, பஸ்ஸின் பின்பக்கத்தில் போய் முட்டிவிட்டான். பஹ்மிதா காயத்தைக் கழுவி மருந்து போட்டாள், ஆனால் திருத்தக் கொடுக்க வேணாம், நீ பஸ்ஸில போ மகன் என்றாள். கடல் ஒருவரைக் கொண்டுபோனது போதும் என்று நானே காரைதீவு சுபாஸ்கரனுக்குப் போன் எடுத்தேன், காலிதீனோடு படகு இஞ்சின் பழுது பார்த்த அதே பொடியன்தான்.

அவர் வந்து முதலில் ஆணிகளைத் திருகித் திருகிப் பார்த்தார், காபரேட்டரைத் திறந்தும் பார்த்தார், பிள்ளை நல்லாத்தான் கழுவியிருக்கான் என்றார். பிறகு ஒரு போத்தலில் சவர்க்காரத் தண்ணீர் கேட்டார். ஓடவிட்டு, காபரேட்டர் இஞ்சினோடு சேருகிற பொருத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். உறுமல் சட்டென்று இறங்கிச் சீராக நின்றது. இஞ்சாலதான் காத்து இழுக்குது உம்மா, அதுதான் தானா உறுமுது, இந்த றப்பர் வளையம் தட்டையாப் போயிற்று, கழட்டினா புதுசுதான் போடணும், பிள்ளை பழசையே போட்டுட்டான் என்றார். காதுக்குள் இருந்த ஒருவர் எழுந்து போன மாதிரி இருந்தது எனக்கு.

பஹ்மிதா கதவடியில் நின்றவள் இறங்கி வந்து, போத்தலைத் தாங்க அண்ணன் என்று வாங்கினாள். சூட்டில் தண்ணீர் காய்ந்ததும் திரும்ப உறுமியது. அவள் ஊற்றினாள், அடங்கியது. காயும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள், உறுமியது, ஊற்றினாள், அடங்கியது. போத்தல் முடியும் வரைக்கும் அப்படியே செய்தாள். பிறகு, போடுங்க அண்ணன் புது வளையத்த என்றாள். உள்ளே போய்க் கை கால் முகம் கழுவி வுழு எடுத்துவிட்டு வந்து, வாப்பா மவுத்தான நேரம் நீங்க உடுத்த வெள்ளையெல்லாம் எங்க உம்மா கிடக்கு என்று கேட்டாள்.

இப்போது இத்தா இருக்கிறாள். சாப்பிடுகிறாள், ஓதுகிறாள், அழவும் செய்கிறாள், அதற்கு அல்ஹம்துலில்லாஹ். சைக்கிள் பூனை மாதிரி நிற்கிறது, அஸ்கி வந்து நின்றாலும் எனக்குத் தெரிவதில்லை. ஆனால் மகன், அசரோடு யாரும் இல்லாத கடப்படியில் அந்த இரண்டு உறுமலும் எனக்கு மட்டும் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை, கடப்பைப் பூட்டாமல் திரும்பி வருகிறேன். இதைப் பஹ்மிதாவுக்குச் சொல்லிவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அறையில் இருக்கிறவர்களோடு சச்சரவுக்குப் போகாதே, நீ போகிற வழியெல்லாம் அல்லாஹ் காவலாக இருப்பான். இன்னும் ஒன்று. நீயும் காலிதீனும் அந்தச் சைக்கிளில் ஏறியிருக்கிற படம்தான் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது, நீ பெரியவனான பிறகு எடுத்ததில் என்னிடம் வேறு இல்லை. ஆறுதல் சொல்ல வந்த ஒரு மனிசி அதைக் காட்டி, மவுத்தானது இவரா என்று கேட்டாள். அவள் விரல் உன் முகத்தில் இருந்தது. அதனால் நீ தனியாக, முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி, சிரித்தபடி புதிதாக ஒரு படம் எடுத்து உடனே தபாலில் அனுப்பிவிடு.

உன் உம்மா
சீனத்தும்மா