மீன் சந்தைக்குள் கிடந்த படகு

மார்ச் 3, திங்கள்

எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், கணினியைத் திறந்தேன். நேற்று இணைத்த படத் தேடல் இன்றும் வேலை செய்கிறதா? செய்கிறது! "மழை" என்று தேடினால் குடை, முழங்கால் தண்ணீர், பூட்டிய பள்ளிக்கூடம் எல்லாம் வருகிறது. எங்கள் பத்திரிகையின் நாற்பதாயிரம் பழைய படங்கள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று குறிப்பு எழுதி, எது எதைச் சேர்ந்தது என்று உறவு கட்ட எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. "படங்களுக்குச் சம்பந்தம் பேசுற ஒரே ஆள் நீதாம்மா" என்கிறார் ஃபிளாஷ் அண்ணன், மூத்த புகைப்படக்காரர்.

வெள்ளிக்கிழமை எடிட்டர் சோதிப்பார். தேறாவிட்டால் படப்பிரிவை மூடிவிடுவார்கள்.

மார்ச் 4

ஒரு பெண் வந்தாள். பெருவெள்ளத்தில் அவள் அப்பா தன் மீன்பிடிப் படகில் ஆட்களை மீட்டாராம். அவர் காலமாகிப் பதினைந்து நாள். வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. "அன்னிக்கு அவரை நான்தான் படம் எடுத்தேன், கண்ணுக்குள்ளயே நிக்குது" என்கிறார் ஃபிளாஷ் அண்ணன். வெள்ளம், மீட்பவர் என்று தேடினேன். வந்ததெல்லாம் சீருடைக்காரர்கள். "பரவால்லக்கா" என்று அவள் எழுந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மார்ச் 5

வெள்ளப் படங்கள் முழுக்கப் பார்த்தாயிற்று. இல்லை.

மார்ச் 6

சமையலறைக் குழாய் ஒழுகியது. இவர், என் வீட்டுக்காரர், அடியில் படுத்துக்கொண்டு ஸ்பானர் கேட்டார்.

"கணக்கு வாத்தியாரா, பிளம்பரா?"

"வாத்தியார்தான்டி. இப்போதைக்கு பிளம்பர்."

அட மண்டு! தொழில் வேறு, அந்த நேரத்தில் செய்வது வேறு. 'மீட்பவர்' என்பதைத் தீயணைப்புப் படைக்கு அடியில் மட்டும் வைத்திருக்கிறேனே. மீனவரைக் கண்டதும் மீன் சந்தைப் பிரிவுக்குள் தள்ளியிருக்கிறேன்! ஓடிப்போய் மாற்றினேன்: மீட்பவராக யாரும் இருக்கலாம். தெருவில் படகு, படகில் ஆட்கள் என்றால் அது வெள்ளம், துடுப்புப் போடுபவர் மீட்பவர். 'தேடு' என்று அழுத்தினேன் — மூன்று படங்கள்! மனுஷன் இத்தனை நாள் மீன் சந்தைக்குள் கிடந்திருக்கிறார்.

குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஒழுகட்டும்.

மார்ச் 7

எடிட்டர் தானே தட்டினார்: "வெள்ளத்தில் உதவியவர்கள்". முதல் வரிசையிலேயே அந்தப் பெண்ணின் அப்பா. ஃபிளாஷ் அண்ணன் விசில் அடித்தே விட்டார். படப்பிரிவு பிழைத்தது! "இங்க வேலை முடிஞ்சிருச்சே, அடுத்த மாசம் மேல் மாடிக்கு வாங்க, மேலாளரா" என்றார் எடிட்டர். மாலையில் அந்தப் பெண் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தக் கட்டம் போட்ட சட்டை இன்னும் எங்ககிட்ட இருக்குக்கா."

மார்ச் 8

முடிந்ததா?

'கூட்டம்' என்று ஒரே சொல்லில் நான் குறித்து ஒதுக்கிய படங்கள் நாலாயிரத்துச் சொச்சம். இன்று ஒன்றைத் திறந்தேன். பேருந்து நெரிசல். மூலையில் ஒருத்தி, யார் பிள்ளையையோ ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்கிறாள்.

மேல் மாடிக்குப் போகப் போவதில்லை. இவரிடமும் இன்னும் சொல்லவில்லை.